கியர் ஆயில் மாத்தினப்போ உங்களுக்கு நடந்தது என்ன? ராமநாதபுரம் பக்கம் வண்டி வச்சிருக்கவங்க சொல்லுங்க

பாம்பன் டாக்ஸி

பாம்பன் பாலத்து நடு மேட்டுல, ரயில் பாலத்தை வேடிக்கை பாக்க ஒரு பக்கம் பூரா வண்டியை நிறுத்திருப்பாங்கல்ல, அங்கதான். மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு இறக்கினேன். கர்ர்ர்னு ஒரு சத்தம். பின்னாடி உக்காந்திருந்த பாட்டியம்மா "தம்பி, எதுலயும் ஏத்திட்டியா?"ன்னு பதறிட்டாங்க. மதுரையில இருந்து அக்னி தீர்த்தத்துக்கு வந்த சவாரி. "ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லிட்டேன். ஆனா கியர் ராடு வழியா உள்ளங்கைக்கு ஏறுன அந்த நடுக்கம் ராமேஸ்வரம் போய்ச் சேர்ற வரைக்கும் கையில இருந்துச்சு.

அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் கியர் ஆயில் மாத்தியிருந்தேன். நானே கடையில நின்னு "90 ஆயில் குடுங்கண்ணே"ன்னு கேட்டு வாங்கினது. டப்பாவுல 90 இருந்துச்சு. அதுக்குக் கீழ சின்னதா ஜிஎல்-5ன்னு போட்டிருந்ததை நான் பாக்கல. 90ங்கிறது தடிப்பு, ஜிஎல்ங்கிறது எந்த வேலைக்கான ஆயில்னு சொல்ற தரக் குறி. என் வண்டிக்கு வேண்டியது ஜிஎல்-4.

அன்னைக்கு சாயங்காலமே ஆயிலை இறக்கினோம். டிரெயின் போல்ட்டு நுனி காந்தத்துல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்துச்சு, அது எல்லா வண்டியிலயும் வர்றதுதான். தட்டுல பிடிச்ச ஆயிலை வெயில்ல சாய்ச்சுப் பாத்தாதான் தெரியுது, பொன்னு மாதிரி ஒரு கோடு மினுங்குது. விரல்ல தொட்டுத் தேய்ச்சேன். ரேகை பூரா மஞ்சப் பொடி. பித்தளை. கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தை ஒண்ணாக்குற சின்க்ரோ ரிங்கு தேஞ்சு வந்தது. காந்தம் அதைப் பிடிக்காதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் நகக்கண்ணுல ரெண்டு நாள் இருந்துச்சு.

வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

கீழக்கரை 623517

எனக்கு ஆயிலே பிரச்சனை இல்ல, போல்ட்டுதான். வாப்பா வண்டி, பத்து மாசம் வீட்டு வாசல்லயே நின்னுச்சு. கடல் அரைக் கிலோமீட்டர்கூட இல்ல. நான் ஊருக்கு வந்ததும் கியர் ஆயில் மாத்துவோம்னு சரியான ஜிஎல்-4 வாங்கிட்டு வந்து, மச்சானும் நானும் அடியில படுத்து டிரெயின் போல்ட்டைக் கழட்டி பழசை எல்லாம் இறக்கிட்டோம். அப்புறம் பக்கவாட்டுல இருக்கிற ஃபில்லர் போல்ட்டுல ஸ்பேனரைப் போட்டா, உப்புக் காத்துல துரு ஏறி அதோட தலை மாவு மாதிரி உதிருது. அசையவே இல்ல. கியர் பெட்டியில ஒரு சொட்டு ஆயில் இல்ல, ஊத்துறதுக்கு வழியும் இல்ல. வண்டி அப்படியே நாலு நாள் கிடந்துச்சு. லாத்தாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டிய நாளும் அதுல ஒண்ணு, ஆட்டோ பிடிச்சு அனுப்பினோம். கடைசில வெல்டிங்காரர் ஒருத்தர் வந்து அந்தத் தலை மேல ஒரு நட்டை வச்சுப் பத்தவச்சு, சூட்டோட திருப்பினார். "டப்"னு விட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டப்போ வாப்பா திண்ணையில இருந்து எந்திரிச்சு நின்னுட்டாக.

முதல்ல ஃபில்லர் போல்ட்டைக் கழட்டுங்க. அது விட்டாத்தான் அடியில கையை வைக்கணும்.

பழைய ஒர்க்‌ஷாப்

பாம்பன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாலு மாசத்துல ஜிஎல்-5 ஒரு ரிங்கைத் தின்னுருச்சுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க வண்டி டாக்ஸி. சந்துக்குள்ள ரெண்டாவது கியரைப் போட்டுப் போட்டு எடுத்த ரிங்கு அது. பாதிக்கு மேல முன்னாடியே தேஞ்சிருக்கும். ஆயில் அதை வெளிய காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

என் கதை சின்னது. மாருதி ஆம்னி வேன், என்ஜின் முன்சீட்டுக்கு அடியில, ஓடுறது பின் சக்கரம். அதனால கியர் பாக்ஸ் தனி, பின்னாடி கிரவுன், அதாவது பின் சக்கரத்துக்கு விசையைத் திருப்பி விடுற பல்சக்கரப் பெட்டி, தனி. புதுசா வேலைக்கு வந்த பையன் கியர் பாக்ஸுக்கு உள்ள ஜிஎல்-4ஐயும் கிரவுனுக்கு உள்ள ஜிஎல்-5ஐயும் மாத்தி ஊத்திட்டான். நான் தேவிபட்டினம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். நவபாஷாணத்துக்குத் திரும்புற இடத்துல ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது, முட்டுது. திரும்பி வந்து டப்பாவைப் பாத்ததும் பையன் அழுதுட்டான். நான் திட்டல. முப்பது வருஷம் முன்னாடி நானும் அதையே செஞ்சவன்.

இப்ப விஷயத்தைக் கேளுங்க. கிரவுன்ல பல்லும் பல்லும் உருளுறதோட நிக்காது, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கித் தேய்க்கும். அந்த அழுத்தத்துல சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிஞ்சு போகும். அதனால கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் கலக்குறாங்க. சூடாகுற இடத்துல அது இரும்போட சேர்ந்து ஒரு தோல் மாதிரி படியும், பல்லுக்குப் பதிலா அந்தத் தோல் தேயும். ஜிஎல்-5ல இந்த மருந்து ஜிஎல்-4ல இருக்கிறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இரும்புக்கு நல்லது. பித்தளைக்கு அந்தக் கந்தகம் ஆகாது.

இன்னொண்ணையும் யோசிங்க. சின்க்ரோ ரிங்கு வேலை செய்யறதே உராய்வுல. கியர் மாத்தும்போது ரிங்கு கியரோட கூம்பு மாதிரி இருக்கிற கோன் மேல ஏறி அமுக்கி, ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்கணும். அப்புறம்தான் பல்லு உள்ள போகும். ஆயில் ரொம்ப வழுக்கினா ரிங்கு பிடிக்காது. பிடிக்கலன்னா கர்ர்னு கத்தும். உங்களுக்குப் பாலத்துல கேட்டது அதுவாத்தான் இருக்கும்.

முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார்ல டிஃபரன்ஷியலும், அதாவது ஆம்னியில கிரவுன் செய்யற வேலையைச் செய்யறதும், அதே பெட்டிக்குள்ள இருக்கு, அதனால ஜிஎல்-5 போட்டா ரெண்டுக்கும் நல்லதுதானேன்னு சில பேர் கேக்குறாங்க. பெரும்பாலான வண்டியில அது சாய்வுப் பல்லு, ஆம்னி பின்னாடி இருக்கிற மாதிரி வழுக்குற பல்லு கிடையாது. ஜிஎல்-4 போதும். ஹோண்டா வண்டிக்கு எம்டிஎஃப்னு கியர் பெட்டி ஆயில் தனியா வரும், அதுக்கு இதெல்லாம் ஊத்தக் கூடாது. டப்பாவுல எம்டி-1ன்னு இருந்தா அது சின்க்ரோ இல்லாத லாரி, பஸ் பெட்டிக்கு. அதையும் காருக்குத் தொடாதீங்க. அளவும் முக்கியம். வண்டி சமமான தரையில நிக்கணும், ஃபில்லர் ஓட்டை வழியா வழியுற வரைக்கும் ஊத்தி, வழிஞ்சு நின்ன பிறகுதான் மூடணும். மேடான வாசல்ல நிறுத்தி ஊத்தினா கணக்கு தப்பும். நம்ம ஊர் சூட்டுக்கு 75, 80ன்னு தண்ணி மாதிரி ஆயில் தேவையில்ல, 80டபிள்யூ-90 தாராளமா போடலாம். வருஷம் முழுக்க வேர்க்கிற ஊர் இது.

உச்சிப்புளி டீச்சர்

ஐயா கடைசியில் 80டபிள்யூ-90 தாராளமாகப் போடலாம் என்றதை மட்டும் ஏற்க முடியவில்லை. எனக்கு நடந்ததே அதுதான்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில். வண்டி எடுப்பதும் சர்வீஸ் விடுவதும் நான்தான். போன மார்கழியில் ஆயில் மாற்றி வந்த மறுநாள், காலை ஆறு மணிக்கு மண்டபம் கிளம்பினேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற இரண்டு கையால் இழுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் போய்ப் பெட்டி சூடான பிறகு இளகியது. அடுத்த நாள் காலையும் அதே கதை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "மேடம், நம்ம வெயிலுக்கு 90தான் சரி, போகப்போகப் பழகிடும்" என்றார்கள்.

பழகவில்லை. வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதில் 75டபிள்யூ-80 என்றுதான் இருந்தது, வேறு எண் கிடையாது. மெக்கானிக் அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இதுவரைக்கும் இதை யாரும் கொண்டு வந்து காட்டினதில்லை" என்றார். அதே நாள் மாற்றிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. புத்தகத்தை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு அத்தனை வருடமாகத் திறக்காமல் இருந்ததை நினைத்துத்தான் வருத்தம்.

நான் இயற்பியல் நடத்துகிறேன், அதனால் இதைச் சொல்கிறேன். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கு. அது நமக்கு அவ்வளவாகத் தேவையில்லை, ஐயா சொல்வது சரி. பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு தடிப்பு என்பது. 80 என்றால் 8.5 முதல் 11 சென்டிஸ்டோக்குக்குள் (தடிப்பை அளக்கும் அலகு). 90 என்றால் 13.5 முதல் 18.5க்குள். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மெல்லிய ஆயிலுக்கு என்று செய்த ரிங், தடித்த ஆயிலைத் தள்ளிவிட்டு கோனைப் பிடிக்க நேரம் எடுக்கும். வெளியே வெயில் அடிப்பதால் அது மாறிவிடாது. இன்னொன்று: என்ஜின் ஆயிலின் 40ஐயும் இந்த 90ஐயும் ஒப்பிடாதீர்கள். அளவுகோலே வேறு. 40 என்ஜின் ஆயிலும் 90 கியர் ஆயிலும் தடிப்பில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்.

பழைய ஒர்க்‌ஷாப்

டீச்சரம்மா சொல்றது சரி. புத்தகத்துல 75டபிள்யூ-80 இருந்தா அதையே போடுங்க. நான் சொன்னது பழைய வண்டிக்கு. அதை நான் முதல்லயே பிரிச்சுச் சொல்லியிருக்கணும்.

முகுந்தராயர் சத்திரம்

2017ல அரிச்சல்முனைக்கு ரோடு திறக்குறதுக்கு முன்னாடி நான் தனுஷ்கோடி வேன் ஓட்டினவன். ரோடு கிடையாது, மணலு, அப்புறம் தண்ணி, மறுபடி மணலு. சக்கரம் முழுகுற அளவுக்குத் தண்ணியில ஒரு நாளைக்கு நாலஞ்சு நடை.

ஒரு ஐப்பசி மாசம் பெட்டி ஊளையிட ஆரம்பிச்சுச்சு. அடி போல்ட்டைக் கழட்டினேன். முதல்ல வெறும் தண்ணி வந்துச்சு. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு. பின்னாடியே வந்தது ஆயிலே இல்ல, பால் தூக்கலா ஊத்தின டீ. அதே நிறம், அதே நுரை. பேரிங் பூரா செம்பழுப்பாத் துரு.

சீல் உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். உடையல. மணல்ல திணறி வந்து பெட்டி கொதிக்கும். கொதிச்ச பெட்டி சட்டுனு கடல் தண்ணியில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும். மேல ஒரு மூச்சுக்குழாய் இருக்குல்ல, அது வழியாத் தண்ணியை உறிஞ்சிரும். அப்புறம் அதுல ஒரு ரப்பர் டியூபை மாட்டி சீட்டுக்குப் பின்னாடி உயரத்துல கட்டுனோம். அதுக்கப்புறம் என் வண்டியில தண்ணி ஏறல.

இப்பவும் ஆட்கள் ரோட்டை விட்டு மணல்ல இறக்கி அலைக்குள்ள நிறுத்தி போட்டோ எடுக்குறாங்க. எந்த ஜிஎல்லா இருந்தாலும் உப்புத் தண்ணி கலந்தா ஒண்ணுதான். தண்ணியில இறங்கின வண்டியா இருந்தா கிலோமீட்டரைப் பாக்காம ஆயிலைத் திறந்து பாருங்க.

தங்கச்சிமடம் வல்லம்

கார் இல்ல என்கிட்ட. வல்லத்துல, அதாவது மீன்பிடி படகுல, வெளிப்பக்கம் மாட்டுற அவுட்போர்டு என்ஜினுக்கும் அடியில கியர் பெட்டி இருக்கு. வேன் அண்ணன் சொன்ன அந்தப் பால் டீயை நானும் பாத்தேன், கடல்ல இருந்து வந்து கரையில இழுத்துப் போட்ட அன்னைக்கு. அதுல ஆயிலைக் கீழ் ஓட்டை வழியா ஏத்தி மேல வழிய விடணும். மேல இருந்து ஊத்தினா உள்ள காத்து நின்னுரும். 

பாம்பன் டாக்ஸி

எல்லாத்தையும் படிச்சேன். ஒர்க்‌ஷாப் ஐயா சொன்னது மனசுல ஏறாம மூணு நாள் சண்டை போட்டுச்சு. பழைய சர்வீஸ் பில்லை எடுத்துப் பாத்தேன். வண்டி என் கைக்கு வந்து ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ரிங்கை ஒரு தடவைகூட மாத்தினதில்ல. ஐயா சொன்னதுல பாதி சரியா இருக்கும். இருந்தாலும் ஜிஎல்-5 ஊத்துற வரைக்கும் அந்தச் சத்தம் வரல, அதையும் நான் விடுறதா இல்ல.

ஜிஎல்-4 ஊத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் இறக்கிட்டுப் புதுசா ஊத்தினேன். ரெண்டாவது தடவை இறக்கினதுல மஞ்சள் கொஞ்சம்தான் இருந்துச்சு. சூடா இருக்கும்போது கர்ர் வர்றதில்ல. காலையில முதல் தடவை மட்டும் வருது. ஃபில்லர் போல்ட்டைத்தான் முதல்ல கழட்டினேன், கீழக்கரைக்காரவுகளுக்கு நன்றி.

வர்ற புதன்கிழமை பெட்டியை இறக்குறோம். ரெண்டாவது, மூணாவது ரெண்டுக்கும் ரிங்கு சொல்லியாச்சு. பழைய ரிங்கு கையில வந்ததும் போட்டோ போடுறேன், ஐயாவே பாத்துச் சொல்லட்டும்.