நான்கு ஸ்பீக்கர் ஓடினால் வசனம் ஏன் தெளிவில்லை?

கேள்வி:
ஸ்டீரியோ ஆம்பின் ‘ஏ’ டெர்மினலில் முன் ஜோடி, ‘பி’யில் பின்சுவர் ஜோடி. எல்லாமே 8 ஓம் (மின்தடை அளவு). சோபாவிலிருந்து முன் ஜோடி 2.5 மீட்டர், பின் ஜோடி 1.5 மீட்டர். ‘ஏ+பி’ போட்டால் சத்தம் கூடுகிறது, ஆனால் வசனம் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது, பாஸும் (அடித்தொண்டைபோன்ற தாழ்ந்த ஒலி) குறைந்துவிட்டது. ஆம்பின் வாட் போதவில்லையா?

பதில் 1:
வாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒலி காதுக்கு இரண்டு தடவை வருகிறது, அதுதான் சிக்கல். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 1 மீட்டர் வித்தியாசத்தால் முன்னாலிருந்து வருவது 2.9 மில்லிசெகண்ட் பிந்துகிறது. எந்த அதிர்வெண்ணின் அரை அலைநீளம் 1 மீட்டரோ, அங்கே ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் மோதி அழிந்துபோகும். கணக்குப்படி 172, 515, 858 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம். இடையிடையே 6 டெசிபல் வரை மேடு. வரைந்தால் சீப்பின் பல் மாதிரி இருக்கும். மனிதக் குரல் அதற்குள்தான் மாட்டுகிறது.

தலையை அசைத்துப் பாருங்கள். 4,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ.தான். 2 செ.மீ. பின்னால் சாய்ந்தாலே பாதை வித்தியாசம் 4 செ.மீ. மாறி, பள்ளம் மேடாகிவிடும். ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. செய்தி வாசிப்பை ஓடவிட்டு ‘பி’யை அணைத்தும் போட்டும் கேளுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பதில் 2:
பாஸ் குறைவது வேறு கோளாறு. 60, 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல். 1 மீட்டர் வித்தியாசத்தில் பாஸ் கூடத்தான் வேண்டும். எங்கோ பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது, ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுத்து பாஸை அழிக்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு, கோடு போட்ட ஒயர் நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே நிற டெர்மினலுக்குப் போகிறதா என்று ஆம்ப் பக்கமும் சேர்த்துப் பாருங்கள். கோடில்லாத ஒயரென்றால் ஆம்பிலிருந்து கழற்றிய முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள்: ஆம்பின் பிளஸ்ஸில் இருந்த இழையில் பேட்டரியின் பிளஸ் பட்டால் வூஃபர் கோன் (பெரிய ஸ்பீக்கரின் கூம்பு) வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும்.

பதில் 3:
‘ஏ+பி’ பல ஆம்ப்களில் பேரலல் (பக்க) இணைப்பு. இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓமாகிவிடும். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சத்தமாக வைக்கும்போது சூடாகிக் கட்டாகும்.

கேள்வி கேட்டவர்:
பின் வலதில் ஒயர் மாறியிருந்தது. திருப்பியதும் பாஸ் வந்துவிட்டது. வசனம் இன்னும் கொஞ்சம் மங்கல்தான்.

பதில் 1:
அது இருக்கும், ஒயரால் சீப்பு போகாது. சோபாவில் பின் ஜோடியின் சத்தம் முன் ஜோடியைவிட 10 டெசிபல் குறைவாக இருந்தால் பள்ளம் 3 டெசிபல் அளவுக்குச் சுருங்கிவிடும். ‘ஏ/பி’ சுவிட்சில் தனி வால்யூம் இராது, எனவே வசனத்துக்கு ‘பி’யை அணைப்பதே நல்லது. முன் ஜோடியின் இடைவெளியும் சோபா தூரமும் 2.5 மீட்டராகச் சமமாக இருக்கட்டும். நான்கும் வேண்டுமென்றால் ஏவி ரிசீவருக்கு (பல ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக இயக்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப்) மாறி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப்பால் அளந்து கொடுங்கள். அருகிலிருப்பதை அது தாமதப்படுத்திக்கொள்ளும். எல்லா ஸ்பீக்கரிலும் அதே ஒலியை ஓட்டும் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ மட்டும் வேண்டாம். தாமதக் கணக்கு ஒரு இருக்கைக்குத்தான் பொருந்தும், பக்கத்தில் உட்காருபவருக்குச் சீப்பு மறுபடி வரும்.