ஆட்டோ செலவுக்கு பில் கேட்டது தவறா?

அம்பத்தூர் பட்டறை:
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்ப்ரஸர் சர்வீஸ் செய்கிறோம். ஆறு ஃபிட்டர்கள், பாதி மாதம் வெளியூரில்தான் இருப்பார்கள். மூத்தவர் அப்பா காலத்து ஆள். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன வாரம் கோவில்பட்டியில் ஓர் ஆலை நின்றுபோக, இரவெல்லாம் உட்கார்ந்து ஓடவைத்துவிட்டு வந்தார். அவர் எழுதிய வவுச்சரில் ‘ஆட்டோ 850’ என்று இருந்தது. 2023 வவுச்சர்களைப் புரட்டினேன். அதே ஊருக்குப் போய்வந்தபோது 250தான். பில் எங்கே என்று எல்லார் முன்பும் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வவுச்சரைத் திரும்ப வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. பில் கேட்பதையே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு இவ்வளவு பேட்டா என்று வைத்துவிடலாமா?

சர்வீஸ்காரன்:
ஐயா, 2023இல் அவர் கோயம்பேட்டில் இறங்கியிருப்பார். உங்கள் பட்டறைக்குப் பக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். இப்போது தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. ஸ்பானர் பெட்டியோடு விடியற்காலை மூன்றரை மணிக்கு வண்டலூருக்கு அந்தப் பக்கம் இறங்கிப் பாருங்கள், ஆட்டோக்காரர் கேட்பதுதான் கூலி. அவரிடம் பில் கேட்க முடியுமா? நானும் இப்படி 600 ரூபாயை எழுதாமலே விட்டிருக்கிறேன். சந்தேகப் பார்வைக்கு முன்னால் நிற்பதைவிடக் கைக்காசு போவது மேல் என்று தோன்றிவிடும்.

கணக்கு எழுதுபவர்:
பேட்டா சாப்பாட்டுக்கும் டீக்கும் சரி. கிளாம்பாக்கம் ஆட்டோவையும் அதில் அடக்கினால் தூரம் போகிறவர்தான் நஷ்டப்படுவார். ஆட்டோவுக்குத் தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டால் போதும். லாட்ஜ் பில்லை மட்டும் விடாதீர்கள்; உங்கள் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் அதில் இல்லையென்றால் உள்ளீட்டு வரி, அதாவது லாட்ஜுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்காது. பெங்களூரில் தங்கினால் கர்நாடக வரி போடுவார்கள்; தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த உங்களால் அதை எடுக்க முடியாது, அதற்காக ஆளை விரட்ட வேண்டாம். முன்பணத்தை வங்கியிலேயே போட்டுவிடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது.

அம்பத்தூர் பட்டறை:
கிளாம்பாக்கம் எனக்குத் தெரியாததல்ல. நான் காரிலேயே போய்வருகிறேன். அங்கே இறங்கி வீடு திரும்புகிறவருக்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணனிடம் அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்று மாலை 850 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். நாளைக் காலை பட்டறையிலும், அன்று இருந்த அத்தனை பேர் முன்பும், தவறு என்னுடையது என்று சொல்லப் போகிறேன்.