கர்னி டிரைவில் ஏழு பேருக்கு இரவுச் சாப்பாடு: எதை, எவ்வளவு வாங்கலாம்?

கேள்வி
சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு பினாங்கு கர்னி டிரைவ் அங்காடிக் கடைகளுக்குப் போகிறோம். அப்பாவும் அம்மாவும் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். பாட்டி சுத்த சைவம். தம்பிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. மகனுக்கு ஐந்து வயது, காரம் ஆகாது. நானும் வீட்டுக்காரரும் எல்லாம் சாப்பிடுவோம். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தஞ்சோங்வாசி
இருட்டுவதற்கு முன்பே போய் மேசை பிடித்துவிடுங்கள் அக்கா. இரண்டு பேர் மேசையில் இருக்கட்டும், மற்றவர்கள் கடைகளுக்குப் போகலாம். மேசை எண்ணைச் சொல்லிவிட்டால் கொண்டுவந்து தருவார்கள், அப்போது காசு கொடுத்தால் போதும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு தட்டு வேண்டாம். முதல் சுற்றுக்குச் சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) ஒன்று, அசாம் லக்சா (புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ்) ஒன்று, கோழி சாத்தே (குச்சியில் கோர்த்துச் சுட்ட இறைச்சி) இருபது குச்சி. பிறகு பசியைப் பார்த்து வாங்குங்கள். சார் குவே தியாவை மட்டும் நான்கு தட்டு சேர்த்துச் சொல்லாதீர்கள். சட்டி நிறைந்தால் சூடு இறங்கிவிடும். தியாவ் வறுபடாமல் வெந்து, தண்ணீர் விட்டு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டாகப் போட்டால்தான் ஓரம் கருகி அந்தப் புகை வாசம் வரும். கெராங் என்ற சிப்பியை அரை வேக்காட்டில்தான் போடுவார்கள், வேண்டாமென்றால் 'தாக் மாவ் கெராங்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். சீனர் கடையில் பன்றிக் கொழுப்பில் வறுப்பதும் உண்டு, அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பசெம்போர் (வடை, வெள்ளரி போன்றவற்றை வெட்டிக் குழம்பு ஊற்றித் தருவது) வாங்கினால் கவனம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. தட்டை நிரப்பிவிட்டுக் கணக்கைப் பார்த்தால் திடுக்கிடும். வெட்டுவதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

சமையல்கட்டு
தம்பி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அசாம் லக்சாவில் கரண்டியில் வரும் கறுப்புப் பெத்திஸ் இறால் விழுதுதான். அதை ஒதுக்கினாலும் போதாது, குழம்புக்கு அரைக்கும் மசாலாவிலேயே பெலாச்சான் (அதுவும் இறாலில் செய்ததுதான்) சேர்ப்பார்கள். சார் குவே தியாவ் கேட்கவே வேண்டாம்: இறால் இல்லாமல் போடச் சொன்னாலும் அதே சட்டி, அதே கரண்டி. மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்), பசெம்போர் இரண்டிலும் இறால் வடை உண்டு. மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் கோழி முர்தபாக் (கோழி அடைத்த ரொட்டி) வாங்கிக் கொடுங்கள், சம்பால் என்ற மிளகாய் விழுதைத் தொடவேண்டாம். ஒவ்வாமை கடுமையாக இருந்தால் மருந்து கையில் இருக்கட்டும்.

சாத்தேவில் இன்னொன்று. கோழியும் மாடும் பெரும்பாலும் ஒரே அடுப்பில்தான். நுனி நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) தண்டை எண்ணெயில் தோய்த்து இரண்டின்மேலும் தடவுவார்கள். கோழி மட்டும் சுடும் கடை கிடைத்தால் அப்பா அம்மாவுக்கு அதுவே நல்லது. 'டாகிங்' என்றால் இங்கே மாடுதான், மறக்கவேண்டாம்.

கேட்டவர்
மிக்க நன்றி. லக்சாவை மேசையில் தள்ளியே வைக்கிறோம். பாட்டிக்கு ரொட்டி சானாய் (பரோட்டா) சரியா? பையனுக்கு?

தஞ்சோங்வாசி
ரொட்டிக்குப் பருப்பு மட்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மீன் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள். மாவில் முட்டை சேர்க்கும் கடையும் உண்டு, பாட்டி முட்டை தொடாதவர் என்றால் விசாரியுங்கள். தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்த புட்டு மாயம் (இடியாப்பம்) கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். பையனுக்கு ரொட்டியும் சீனியும், அல்லது அப்பம் பாலிக் (வேர்க்கடலை வைத்து மடித்த இனிப்பு அப்பம்). அதைக் கையில் வாங்கிய சூட்டோடு கொடுத்துவிடுங்கள், ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும்.

சமையல்கட்டு
செண்டோல் (ஐஸ் போட்ட இனிப்பு) கடைசியில் சொல்லுங்கள், வந்தவுடன் சாப்பிடுங்கள். ஐஸ் கரைந்தால் குலா மலாக்கா (தென்னை வெல்லப் பாகு) தண்ணியாகிவிடும். பாட்டியும் தாராளமாகச் சாப்பிடலாம்: தேங்காய்ப்பால், பாண்டான் இலைச் சாறு, சிவப்பு அவரை, அவ்வளவுதான். தே தாரேக்குக்கு (ஆற்றிய பால் தேநீர்) 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) சொல்ல மறக்காதீர்கள், டின்பாலின் இனிப்பே அதிகம்.