அக்கி வந்தவர்கள் வீட்டுக் கதை: உங்களுக்கு எப்படி?

தென்காசிக்காரி:
போன ஐப்பசியில் அம்மாவுக்கு வலது விலாவில் ஒரே எரிச்சல். மேலே ஒன்றும் தெரியவில்லை. வாய்வு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம், தைலம் தேய்த்தோம். சேலை பட்டாலே "நெருப்புடி" என்பாள். மூன்றாம் நாள் முதுகுத்தண்டிலிருந்து மார்புக்கடி வரை பட்டையாகக் கொப்புளம். இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டு அத்தை பார்த்ததுமே அக்கி என்றுவிட்டார். குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதினோம். செங்காவியைக் குழைத்துக் கோழி இறகால் சிங்கம் மாதிரி ஏதோ வரைந்தார். (எனக்கு அது பூனையாகத்தான் தெரிந்தது.) அன்று ராத்திரி குளுகுளுவென்று இருந்ததாம், பொய் சொல்லக்கூடாது. டாக்டரிடம் போனது ஆறாம் நாள். காவியைத் துடைத்த பிறகுதான் அவரால் கொப்புளத்தையே பார்க்க முடிந்தது.

"சின்ன வயசுல சின்னம்மை போட்டிருக்கா?" என்றார். எட்டு வயதில் போட்டதாம், இப்போது அம்மாவுக்கு 71. கொப்புளம் உதிர்ந்தாலும் அந்த அம்மை வைரஸ் போவதில்லையாம். அதன் டி.என்.ஏ. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் 63 வருஷம் சும்மா கிடந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் விழித்துப் பெருகி, அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கியிருக்கிறது. அதனால்தான் பட்டை, அதனால்தான் ஒரு பக்கம், அதனால்தான் வலி முந்திக்கொண்டது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஆரம்பித்திருக்க வேண்டுமாம். ஐந்து மாதமாகிறது, அம்மாவால் இன்னும் ரவிக்கை போட முடியவில்லை.

ராத்திரி ஷிஃப்ட்:
எனக்கு 34 வயசுலயே, நெற்றியில். மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் வந்ததைப் பார்த்த மருந்துக்கடை அண்ணன், களிம்பு தராமல் கண் டாக்டரிடம் விரட்டிவிட்டார். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளையாம். அதே அசைக்ளோவிர் 800 மி.கி. மாத்திரை, தினம் ஐந்து வேளை, ஏழு நாள். அலாரம் வைத்து விழுங்கினேன். பார்வை தப்பித்தது.

பேரன் அப்பா:
எங்க வீட்டில் தாத்தாவுக்கு இடுப்பில் அக்கி. ஒன்றரை வயசுப் பயல் எந்நேரமும் அவர் மடியில்தான். இரண்டே வாரத்தில் பயலுக்கு உடம்பெல்லாம் சின்னம்மை. அக்கி அக்கியாகத் தொற்றாது, அம்மை போடாத, தடுப்பூசியும் போடாத ஆளுக்குக் கொப்புள நீர் வழியாகச் சின்னம்மையாகத்தான் போகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வாசலில் வேப்பிலை செருகினோம். பயலுக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றிய அன்றைக்குத்தான் தாத்தா மறுபடி அவனை மடியில் வாங்கினார்.