வால்வு ஆம்ப்ளிபயரில் ஒரு வால்வு மட்டும் சிவக்கிறது, பியூஸ் போகிறது. உதவி தேவை, அவசரம்

மணப்பாறை_மைக்செட்:
அனைவருக்கும் வணக்கம். பழைய மைக் செட் வைத்திருந்த ஒருவரிடம் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கினேன். எடைக்குப் போக இருந்தது, விட மனசு வரவில்லை. ஆன் செய்தால் முதலில் நன்றாகப் பாடுகிறது. கொஞ்ச நேரத்தில் "ம்ம்ம்" என்று இரைச்சல் ஏறி, ஒரு வால்வு செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. அப்புறம் பியூஸ் போய்விடுகிறது. பெயர்த்தகடு இல்லை, சர்க்யூட் படமும் எங்கேயும் கிடைக்கவில்லை. வரும் வெள்ளி எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா. எதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் போதும்.

ரேடியோப்பெட்டி:
நடுவில் இருக்கும் இழை சிவப்பது இயல்புதான். சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால்தான் ஆபத்து. உங்களுக்கு எது சிவக்கிறது? என்ன நம்பர் வால்வு, மொத்தம் எத்தனை? ஸ்பீக்கர் எந்த முனையில் இருக்கிறது?

இசைத்தட்டு77:
சப்ளை டிசியைச் சமன்படுத்தும் மெயின் பில்டர் கண்டென்சர்தான், சந்தேகமே வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்த செட்டில் எலெக்ட்ரோலிட்டிக் காய்ந்து போயிருக்கும். இரைச்சல் என்றாலே அதுதான், மாற்றிவிடுங்கள்.

கூம்புக்குழாய்:
எனக்கு ஸ்பீக்கர் இணைப்பு மேல்தான் சந்தேகம். ஹார்ன் யூனிட்டை நேராக, நீண்ட வயர் இழுப்பதற்கான 100 வோல்ட் லைன் முனையில் கொடுத்துவிட்டீர்களா? 50 வாட் செட் என்றால் அந்த முனைக்கு 200 ஓம் லோடு வேண்டும். அதில் 16 ஓம் யூனிட்டை மாட்டினால் வால்வு படாதபாடு படும்.

வால்வு வாத்தியார்:
தம்பி, பெயர் இல்லை, படம் இல்லை, வால்வு நம்பர்கூடச் சொல்லவில்லை. இதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? வால்வு செட் என்பது ஆசைப்பட்டதும் வாங்கி மேசையில் வைத்துத் திறக்கிற பொருள் இல்லை. உள்ளே 450 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நிற்கும். அடிப்படை தெரியாமல் கை வைக்காதீர்கள். நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

மணப்பாறை_மைக்செட்:
பெரிய வால்வு இரண்டு, இஎல்34. சின்னது மூன்று. இரண்டில் இசிசி83 என்று இருக்கிறது, மூன்றாவதில் எழுத்து அழிந்துவிட்டது. ரெக்டிபயர் ஜிஇசட்34. சிவப்பது ஒரு இஎல்34இன் வெளித்தகடு. ஹார்ன் 16 ஓம் முனையில்தான் இருக்கிறது. மீட்டர் இருக்கிறது. எங்கள் பக்கம் வால்வு பார்க்கும் மெக்கானிக் இப்போது யாரும் இல்லை ஐயா.

ஈயப்பற்று:
இது போதும் தம்பி, பார்த்துவிடலாம். வால்வு நம்பர் தெரிந்தால் பாதிப் படம் கையில் இருக்கிற மாதிரிதான். இஎல்34க்கு 2, 7 ஹீட்டர், 3 தகடு, 4 ஸ்க்ரீன், 5 கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட், 8 காதோட். எந்தக் கம்பெனி செட்டாக இருந்தாலும் இது மாறாது.

முதலில் இரண்டு இஎல்34ஐயும் இடம் மாற்றிப் போடு. சிவப்பும் வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டிலேயே நின்றால் கோளாறு கீழே சர்க்யூட்டில். மெயினில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய், நேராகக் கொடுக்காதே. சிவக்க ஆரம்பித்த நொடியே அணைத்துவிடு. தகட்டுக்கு 25 வாட்தான் தாங்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். இந்த வயது செட்டில் வால்வை எப்படியாவது வாங்கிவிடலாம், அந்த டிரான்ஸ்பார்மருக்கு மாற்று கிடைக்காது.

அப்புறம், பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் எதில் நிற்கிறது என்று பார். 220இல் இருந்தால் 240க்கு மாற்று. இரவில் லைன் ஏறுகிற ஊர்களில் அந்த 20 வோல்ட்டும் வால்வின் தலையில்தான் விழும்.

மணப்பாறை_மைக்செட்:
மாற்றிப் பார்த்தேன் அண்ணே. அதே சாக்கெட்தான் சிவக்கிறது. செலக்டர் 220இல் இருந்தது, 240இல் வைத்துவிட்டேன்.

இசைத்தட்டு77:
அதைத்தான் நானும் சொன்னேன், பில்டர் கண்டென்சர்.

ஈயப்பற்று:
இல்லை சார். பில்டர் போனால் இரண்டு வால்வுக்கும் சேர்த்துத்தான் பாதிப்பு வரும். இங்கே ஒரு பக்கம் மட்டும் கரண்ட் அள்ளுகிறது. இரண்டு வால்வும் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்புல்லில் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் சப்ளையின் இரைச்சல் டிரான்ஸ்பார்மரிலேயே ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் கழிவு நடக்காது, 100 ஹெர்ட்ஸ் அப்படியே ஹார்னில் கேட்கும். அந்த "ம்ம்ம்" இதனால்தான் என்று நினைக்கிறேன்.

தம்பி, இரண்டு சாக்கெட்டிலும் 8ஆம் பின் எங்கே போகிறது? நேராக சேசிஸுக்கா (உலோகச் சட்டம்), ரெசிஸ்டர் வழியாகவா?

மணப்பாறை_மைக்செட்:
நேராக சேசிஸில் பற்று வைத்திருக்கிறது.

ஈயப்பற்று:
அப்படியானால் கிரிட்டுக்குத் தனி மைனஸ் சப்ளை, அதாவது பயாஸ், இருக்கிறது. இரண்டு இஎல்34ஐயும் கழற்றிவிட்டு ஆன் செய். நன்றாகச் சூடேறட்டும். மீட்டரின் கறுப்பு வயரைக் கிளிப் போட்டு சேசிஸில் மாட்டிவிடு. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் இரண்டு சாக்கெட்டின் 5ஆம் பின்னையும் அள. இரண்டும் ஏறக்குறைய ஒரே மைனஸ் அளவு காட்ட வேண்டும்.

கூம்புக்குழாய்:
எதற்கு இவ்வளவு அளவு? அந்த வயது செட் என்றால் பழுப்பு நிற மெழுகுக் கண்டென்சர்கள் வரிசையாக இருக்கும். கோளாறு உள்ளதை மட்டும் கழற்றி, கூட்டைச் சூடாக்கி உருவி, புதியதை உள்ளே வைத்து மெழுகு ஊற்றி மூடுங்கள். செட் செட்டாகவே இருக்கும்.

இசைத்தட்டு77:
திருவிழாவில் பாடப்போகிற செட்டுக்கு உள்ளே அழகு எதற்கு? மெழுகுக் கண்டென்சர் எல்லாம் காகிதம். ஒன்று ஒழுகினால் மற்றதும் பின்னாலேயே வரும். மொத்தத்தையும் பிலிம் கண்டென்சராக மாற்றுவதுதான் முறை.

கூம்புக்குழாய்:
இப்படி மொத்தமாக மாற்றி மாற்றித்தான் ஒரு செட்கூட வந்தபடி மிஞ்சவில்லை. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு, கையால் கட்டிய வயரிங், இதையெல்லாம் இனி யார் செய்யப்போகிறார்கள்? அடுத்த தலைமுறை திறந்து பார்த்தால் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிய வேண்டாமா?

இசைத்தட்டு77:
தெரியட்டும். ஆனால் பத்தரை மணிக்கு சாமி புறப்படும்போது செட் நின்றால் ஊருக்கு யார் பதில் சொல்வது? செட் பாடினால்தான் அது பிழைக்கும். பாடாத செட் மறுபடி எடைக்குத்தான் போகும்.

வால்வு வாத்தியார்:
இந்த விவாதம் இங்கே பலமுறை முடிந்துவிட்டது. பழைய விவாத இழைகளைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

ரேடியோப்பெட்டி:
இதற்குத் தனி இழை போடலாமே. தம்பி அளவு சொல்லக் காத்திருக்கிறோம்.

மணப்பாறை_மைக்செட்:
நல்ல பக்கம் மைனஸ் 34. சிவக்கும் பக்கம் ஆன் செய்ததும் மைனஸ் 20, பிறகு மெல்ல ஏறி பிளஸ் 9இல் நிற்கிறது.

ஈயப்பற்று:
கிடைத்துவிட்டது. மைனஸ் நிற்க வேண்டிய கிரிட்டில் பிளஸ் வந்தால் வால்வு வாய் திறந்துவிடும். சூடேற ஏற கண்டென்சரில் கரண்ட் ஒழுக்கு கூடுவதால்தான் முதலில் நன்றாகப் பாடுகிறது. முன் வால்விலிருந்து அந்த 5ஆம் பின்னுக்கு வரும், டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடும் கப்ளிங் கண்டென்சர் மேல்தான் சந்தேகம். ஆனாலும் உறுதி செய்துகொள்வோம். பிளக்கைப் பிடுங்கு. 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரால் பில்டர் கண்டென்சரை இறக்கு. மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வை. அந்தக் கண்டென்சரின் கிரிட் பக்க முனையைக் கழற்றி, டேப் சுற்றிவிட்டு மறுபடி அள. மைனஸ் 34 வந்தால் கண்டென்சர்தான். வராவிட்டால் பயாஸ் கொண்டுவரும் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. கண்டென்சர் என்றால் 0.1 மைக்ரோபேரட், 630 வோல்ட் பிலிம் போடு. மறு பக்கத்து ஜோடியையும் சேர்த்தே மாற்று.

வால்வு வாத்தியார்:
புதிதாகப் போடும் முன் பழையதில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். 0.1 என்பது ஊகம்தான். 0.22ஆகவும் இருக்கலாம்.

ஈயப்பற்று:
சரியான பேச்சு ஐயா. தம்பி, இதைக் கவனி.

மணப்பாறை_மைக்செட்:
முனையைக் கழற்றியதும் மைனஸ் 34 வந்துவிட்டது. பழையதில் 0.1 தான் எழுதியிருந்தது, அடியில் மெழுகு உருகி வழிந்திருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். சிவப்பு இல்லை, இரைச்சலும் அடங்கிவிட்டது. நன்றி அண்ணே. பந்தலுக்குக் கிளம்புகிறேன்.

ஈயப்பற்று:
நல்லது. சிவந்து சிவந்து அடிபட்ட அந்த இஎல்34ஐ நம்பாதே, கூடுதலாக ஒன்று கையில் இருக்கட்டும். பயாஸ் சப்ளையின் சின்ன எலெக்ட்ரோலிட்டிக்கை மாற்றினாயா? அது போனால் இந்த முறை இரண்டும் சேர்ந்து சிவக்கும்.

ரேடியோப்பெட்டி:
தம்பி, அந்த எழுத்து அழிந்த மூன்றாவது சின்ன வால்வு எது என்று தெரிந்ததா? அடித்தட்டைப் படம் எடுத்துப் போட்டால் சர்க்யூட்டை வரைந்து வைத்துவிடலாம்.