10 மில்லி போல்ட் மூன்று சுற்றோடு நின்றுவிடுகிறது. மாமா கடையில் தனியாக மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

பெகு கடைப்பொண்ணு:

வணக்கம். பர்மாவில், பெகு ஊரில் என் தாய்மாமாவின் இரும்புச் சாமான் கடையில் பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குனியக்கூடாது, தூசியில் இருக்கக்கூடாது, போனை உற்றுப் பார்க்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் படித்தது கணக்கு. ரசீது எழுதுவேன், கடன் நோட்டு பார்ப்பேன், ஆணியை வீசைக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால் முழிப்பேன்.

நேற்று பழைய ஜப்பான் டிரக் ஓட்டுகிற ஒருவர் வளைந்துபோன போல்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். டைனமோவைப் பிடித்திருக்கும் பட்டையில் மாட்டுவதாம். வெர்னியரில் அளந்தேன், 9.8 வந்தது. 10 மில்லி என்று எழுதிய இழுப்பறையிலிருந்து அதே நீளத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இன்று காலை திரும்ப வந்துவிட்டார். கையால் மூன்று சுற்றுதான் போகிறதாம், அப்புறம் இறுகி நின்றுவிடுகிறதாம். நான் ஏமாற்றிவிட்ட மாதிரி பேசினார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய போல்ட்டை என்னிடமே விட்டுவிட்டு, நாளை வருகிறேன் என்று போயிருக்கிறார்.

10 மில்லி ஓட்டையில் 10 மில்லி போல்ட் ஏன் போகவில்லை?

இன்னும் சில இருக்கின்றன, சேர்த்தே கேட்டுவிடுகிறேன். படம் ஏற்ற முடியவில்லை, நெட் அப்படி.

ஒரு ஸ்பேனரில் 3/8 என்று அடித்திருக்கிறது, ஆனால் அதன் வாய் 18 மில்லி இருக்கிறது. பர்மியர்கள் "3 மூ" போல்ட் கேட்கிறார்கள், மாமாவின் இழுப்பறைகளில் எல்லாம் "நூல்" என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்றாவது, வயதான நம்ம ஆள் ஒருவர் வந்து "பர்மா இருக்கா?" என்று கேட்டார். "இங்கேதானே இருக்கிறோம் தாத்தா" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் புரியவில்லை.

மாமாவிடம் கேட்டால் "எல்லாம் எழுதித்தானே வைத்திருக்கிறேன்" என்கிறார். எழுதித்தான் வைத்திருக்கிறார், அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி.

சுத்தியல் சாமி:

எண்ணெய் விட்டு நீளமான ஸ்பேனர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். போய்விடும். நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

மோல்மீன் மெக்கானிக்:

போகும், சாமி. பட்டையில் இருக்கிற மரையைச் சீவிக்கொண்டு போகும். அந்தப் பட்டை அலுமினியமாக இருந்தால் அத்தோடு அதன் கதை முடிந்தது. தங்கச்சி, இந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்த டிரைவர் மூன்று சுற்றோடு நிறுத்தினாரே, அவர் விவரமானவர்.

முதலில் ஒன்று சொல். பழைய போல்ட்டின் மண்டைக்கு எந்த ஸ்பேனர் பிடிக்கிறது? நீ கொடுத்த போல்ட்டுக்கு எது பிடிக்கிறது?

பெகு கடைப்பொண்ணு:

பழையதற்கு 14 சரியாக உட்காருகிறது அண்ணே. நான் கொடுத்ததற்கு 17. மண்டை சின்னதா பெரியதா என்பது முக்கியமா? ஓட்டைக்குள் போவது தண்டுதானே?

மோல்மீன் மெக்கானிக்:

மண்டை உள்ளே போகாது, ஆனால் ஊர் பேர் சொல்லும். 10 மில்லி தண்டுக்கு 14 மண்டை என்றால் ஜப்பான் வண்டிச் சாமான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 17 மண்டை பழைய ஜெர்மன் அளவு. கடைகளில் மூட்டையாக வருவதில் பெரும்பாலும் அதுதான். இப்போதைய சர்வதேச அளவில் அதே தண்டுக்கு 16 மண்டை. 8 மில்லி போல்ட்டிலும் இதே கதை: கடைச் சரக்கு 13, ஜப்பான் 12.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 10 மில்லி என்பது தண்டின் தடிமன் மட்டும்தான். மரை எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்பது தனிக் கணக்கு. சாதாரண 10 மில்லி போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.5 மில்லி. ஜப்பான் வண்டிகளில் 10 மில்லிக்கு 1.25 போட்டுவைத்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று மரை எப்படியோ ஒத்துப்போகும். போகப் போக வித்தியாசம் சேர்ந்து, மரையோடு மரை முட்டிக்கொள்ளும். உன் ஆளுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அளந்து பார்த்துவிடு. மரை அளக்கும் கேஜ் இல்லாவிட்டால் பரவாயில்லை, வெர்னியர் போதும். பழைய போல்ட்டில் 10 மரை அளந்து, வருவதை 10-ஆல் வகுத்துச் சொல்.

பெகு கடைப்பொண்ணு:

பழையதில் 10 மரைக்கு 11 மில்லியும் கொஞ்சமும் வருகிறது. வகுத்தால் 1.1 சொச்சம். நீங்கள் சொன்ன 1.25-உம் இல்லை, 1.5-உம் இல்லை. வளைந்த போல்ட் என்பதால் தப்பாக வருகிறதா?

மோல்மீன் மெக்கானிக்:

கணக்குப் படித்த பொண்ணு இப்படிச் செய்யலாமா! 10 மரை முனைகளை எண்ணினாய், அவற்றுக்கு நடுவே இருக்கிற இடைவெளி 9-தானே? வேலிக்கு 10 கம்பம் நட்டால் நடுவில் 9 கட்டம். 9-ஐ 1.25-ஆல் பெருக்கு.

பெகு கடைப்பொண்ணு:

11.25. ஐயோ! இந்தத் தப்பை நான் செய்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 11-ஆவது முனை வரை மறுபடி அளந்தேன், 12.5 வந்தது. நான் கொடுத்த போல்ட்டில் அதே மாதிரி அளந்தால் 15.

மோல்மீன் மெக்கானிக்:

முடிந்தது. 10 மில்லி, 1.25 மரை, 14 மண்டை வேண்டும்.

அளக்காமலும் பார்க்கலாம். இரண்டு போல்ட்டையும் மரையோடு மரை ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடி. சீப்போடு சீப்பு கோத்த மாதிரி முழுக்க உட்கார்ந்தால் ஒரே மரை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேறு வேறு. கூட்ட நேரத்தில் இதுதான் சுலபம்.

இன்னொன்று. மண்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கொடு. 8.8 என்று இருந்தால் அது இழுவையில் 800 மெகாபாஸ்கல் வரை அறாது. அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நீண்டுபோகாமல் தாங்கும். எண்ணே இல்லாததை வாசல் கேட்டுக்கும் தட்டு ஸ்டாண்டுக்கும் கொடு, ஓடுகிற வண்டிக்குக் கொடுக்காதே.

தட்டோன் பழைய ஃபிட்டர்:

பாப்பா, உன் 3/8 ஸ்பேனரைப் பற்றி நான் சொல்கிறேன். அரிசி ஆலைகளில் முப்பது வருஷம் அந்த ஸ்பேனரோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து இருக்கும், துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார். அது விட்வொர்த் ஸ்பேனர். ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841-இல் மரைகளுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து நிறுத்திய ஆலை, ரயில், படகு எஞ்சின் எல்லாவற்றிலும் இந்த மரைதான்.

அதில் எழுதிய எண் வாயின் அகலம் இல்லை, போல்ட் தண்டின் தடிமன். 3/8 இஞ்ச் தண்டுக்கு எவ்வளவு பெரிய மண்டை வருமோ அதைப் பிடிக்கும் ஸ்பேனர். அந்த மண்டை 0.71 இஞ்ச், அதாவது 18 மில்லி. நீ அளந்தது சரிதான். அமெரிக்க ஸ்பேனரில் 3/8 என்றால் வாயே 3/8 இஞ்ச். ஒரே எண், இரண்டு அர்த்தம். இது தெரியாமல் ஸ்பேனர் வாங்கிப் போய் மறுநாள் திட்டிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க மரையையும் விட்வொர்த் மரையையும் கலக்காதே. 3/8-இல் இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்கு 16 மரைதான், ஏறுகிற மாதிரியும் இருக்கும். ஆனால் மரையின் பள்ளம் விட்வொர்த்தில் 55 பாகை, அமெரிக்க மரையில் 60. அரை இஞ்சில் எண்ணிக்கையே வேறு: விட்வொர்த் 12, அமெரிக்கன் 13.

அந்த ஸ்பேனரை மட்டும் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாதே. இப்போது தேடினாலும் கிடைக்காது.

பெகு கடைப்பொண்ணு:

துடைத்துப் பார்த்தேன், டபிள்யூ இருக்கிறது! நன்றி ஐயா. தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ரங்கூன் பர்னிச்சர் அக்கா:

"இங்கேதானே இருக்கிறோம் தாத்தா"வைப் படித்துவிட்டு எங்கள் பட்டறையில் எல்லோரும் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அம்மாடி, தச்சர்கள் துளை போடுகிற கைக்கருவியை பர்மா, பருமா என்பார்கள். இந்தியிலும் அதற்கு பர்மாதான் பெயர். கடையில் தேடிப் பார், வளைந்த இரும்புக் கம்பி, நடுவில் சுற்றுகிற மரப்பிடி, தலையில் நெஞ்சால் அழுத்த ஒரு குமிழ் இருக்கும். நாட்டுக்கு 1989-லேயே மியன்மா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், தச்சர்களுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

மூவும் நூலும் ஒன்றுதான், பயப்படாதே. பழைய காசுக் கணக்கில் 1 க்யாட்டுக்கு 8 மூ. அதே மாதிரி இஞ்சை 8-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மூ. நம் ஆசாரிகள் அதையே நூல் என்கிறார்கள். 3 மூ, 3 நூல், 3/8 இஞ்ச் மூன்றும் ஒன்றே. 4 மூ என்றால் அரை இஞ்ச்.

ஆனால் 3 நூலை 10 மில்லிக்குப் பதிலாகக் கொடுத்துவிடாதே, அது 9.5 மில்லிதான். இதைவிடக் கள்ளத்தனமானது இரண்டரை நூல். 7.94 மில்லி, 8 மில்லி போல்ட் மாதிரியே இருக்கும், வெர்னியரே சில சமயம் ஏமாறும். மரை மட்டும் ஒட்டாது. இரண்டையும் ஒரே இழுப்பறையில் கலந்து வைத்தால் வருஷம் முழுக்க வாடிக்கையாளர் சண்டைதான். நாங்கள் பட்ட பாடு.

சுத்தியல் சாமி:

சரி, என் யோசனை தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் ஒரு சந்தேகம். என் பைக் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி, குறுக்கு வெட்டே வட்டமாகிவிட்டது. டிரைவர் புதுசு, விலை உயர்ந்ததுதான்.

மோல்மீன் மெக்கானிக்:

பைக் ஜப்பான், டிரைவர் பிலிப்ஸ் என்ற வேறு வகைக் குறுக்கு வெட்டுக்கானது. அதுதான் வம்பு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஜப்பான் வெட்டில் பிலிப்ஸின் கூர்முனை அடியில் முட்டிக்கொண்டு, பக்கங்கள் முழுக்கப் பிடிக்காமல் நிற்கும். பலம் கொடுத்தால் துள்ளி வெளியே வந்துவிடும். ஸ்க்ரூ தலையில் குறுக்கு வெட்டுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு குழிப்புள்ளி இருந்தால் அது ஜப்பான் வெட்டு. ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் தர அளவு டிரைவர் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய பிலிப்ஸ் ஒன்றின் நுனியை மட்டும் இழையளவு அரைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வட்டமாகிப்போனதை கிரிப் பிளையரால் தலையைக் கவ்விக் கழற்றுங்கள். சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

ரங்கூன் பர்னிச்சர் அக்கா:

குறுக்குக்கு நடுவே மெல்லிய கோடுகள் நாலு இருந்தால் அது பிலிப்ஸும் இல்லை, போசிடிரைவ். அலமாரி, கட்டில் சாமானோடு வருகிற ஸ்க்ரூக்களில் நிறைய வரும். கடையில் மூன்றையும் தனித்தனியாக மாட்டி வை, அம்மாடி. தமிழில் ஸ்டார் என்ற ஒரே பெயரில் மூன்றையும் அழைத்துத்தான் இத்தனை கூத்து. பர்மியர் அதற்கும் மேலே, ஸ்க்ரூவுக்கே பன்றிக்குடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருளைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

பெகு கடைப்பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. முடிவைச் சொல்கிறேன்.

கடை முழுக்கத் தேடினேன், 1.25 மரையில் 10 மில்லி கிடைக்கவில்லை. வேறு கடையில் வாங்கி வைத்துவிடலாம் என்று கிளம்பும்போது, மேல் வரிசையில் "ஜ.10 நெ" என்று எழுதிய இழுப்பறை கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அது ஏதோ விலைக்குறி என்று நினைத்திருந்தேன். ஜப்பான், 10, நெருக்கம்! திறந்தால் முப்பது நாற்பது போல்ட், எல்லாம் 14 மண்டை, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். பழைய போல்ட்டோடு ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இம்மிகூட வெளிச்சம் இல்லை.

டிரைவர் காலையில் வந்தார். கடை வாசலிலேயே வண்டியைத் திறந்து கையாலேயே கடைசி வரை திருகிவிட்டு, ஸ்பேனரை அப்புறம்தான் எடுத்தார். கூடவே இரண்டு போல்ட் உபரியாக வாங்கிக்கொண்டார்.

பர்மாவும் கிடைத்தது, பரண் மேல். அந்தத் தாத்தா வந்தால் கொடுக்க வேண்டும்.

இப்போது இழுப்பறை ஒவ்வொன்றாகத் திறந்து மாமாவின் குறிகளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "கு.ஆ" என்றால் தகரக் கூரைக்கு அடிக்கிற குடை ஆணி, "ம.தி.8" என்றால் மரத் திருகாணி 8-ஆம் நம்பர். "சு.க" மட்டும் புரியாமல் இருந்தது. சுத்தியல் காம்பு என்று நினைத்துத் திறந்தேன். சுருட்டுக் கட்டு. மாமா நாலு வருஷத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டதாக அத்தை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறியை மட்டும் நோட்டில் ஏற்றவில்லை.