மிஷின் எர்த் லீக்கேஜ்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு பிறையில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். இங்கே மூன்று இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) உள்ள மிஷின் ஒன்று, 400 வோல்ட் மூன்று ஃபேஸ், ஆன் செய்யும்போது அடிக்கடி ட்ரிப் ஆகிறது. இருப்பது 30 மில்லியாம்பியர் ஆர்சிடி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டும் பிரேக்கர்), டைப் ஏ (ஏசி, துடிப்பு டிசி கசிவை உணரும் வகை). எர்த் வயரில் மட்டும் லீக்கேஜ் (கசியும் கரண்ட்) அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டால் 18 மில்லியாம்பியர் காட்டுகிறது. இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) பார்த்தாச்சு, மோட்டாரும் கேபிளும் நல்லா இருக்கு. அதனால் இன்வெர்ட்டர் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகப் போகும் கரண்ட் என்றே நினைக்கிறேன். 30 மில்லியாம்பியர் ஆர்சிடி 15க்கு மேலேயே ட்ரிப் ஆகலாம் இல்லையா.

இங்கே உள்ளவர்கள் ஆர்சிடியைத் தூக்கிவிடு என்கிறார்கள். என் மனசு ஒப்பவில்லை. எர்த் வயர் இப்போது 4 ஸ்குவேர் (சதுர மில்லிமீட்டர்) தான். அது எங்காவது அறுந்தால் அந்த 18 மில்லியாம்பியரும் மிஷினைத் தொடும் பிள்ளையின் உடம்பு வழியாகப் போகும். பிடித்த கையை எடுக்க முடியாமல் போய்விடும்.

ஐஇசி 60204-1 (மிஷின்களின் மின் பாதுகாப்புத் தரநிலை) படி லீக்கேஜ் 10 மில்லியாம்பியரைத் தாண்டினால் எர்த் முழுக்க 10 ஸ்குவேர் செம்பு, அல்லது இரண்டாவது எர்த் வயர் போடலாம். இரண்டாவது வயர் இழுத்தவர்கள் அதை எங்கே முடித்தீர்கள், மிஷின் பாடியிலா, பேனல் எர்த் பாரிலா? 100 மில்லியாம்பியர் டைப் பி ஆர்சிடி (சீரான டிசி கசிவையும் உணரும் வகை) மாற்றினால் போதுமா, ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (மிஷின் சப்ளையை மெயின் சப்ளையிலிருந்து பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வேண்டுமா? எங்கள் சார்ஜ்மேனிடம் (மின் வேலைக்குப் பொறுப்பான, சான்றிதழ் பெற்றவர்) பேசுவதற்கு முன் உங்கள் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ள ஆசை. பேனல் படம் வேண்டுமானால் போடுகிறேன்.